அம்மா அப்பாவின் பல்லும் ஈறும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் எங்கே தொடங்குவது, எதை எப்போது செய்வது

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் களிதான். களியை யாரும் மெல்வதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்கிவிடுவோம். அம்மாவால் மெல்ல முடியவில்லை என்பது ஒரு வருஷத்துக்கு மேல் எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். நிலக்கடலை வறுத்தால் "எனக்கு வேணாம் சாமி, பித்தம்" என்பார். கறிக்குழம்பில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். மாங்காய் சீசனில் மாம்பழத்தைச் சப்பிவிட்டு மாங்காயைத் தொடமாட்டார். எடை ஆறு கிலோ இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்து காட்டச் சொன்னோம்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 67 வயது, சுகர் உண்டு, இதயத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. அன்றிலிருந்து அவர் திரும்பவும் கடலை மெல்லும் வரை பதினோரு மாதம் ஆயிற்று. வரிசை தெரிந்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். மீதி ஆறு மாதமும் எங்கள் தவறான முடிவுகளில் போனது. அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல் செட் கடைசி வேலை. நாங்கள் அதையே முதல் வேலையாக நினைத்துப் போனோம்.

1. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வீட்டிலேயே பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். வயதானவர்கள் வலித்தால்தான் சொல்வார்கள். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. கையால் உதட்டை விலக்கி இவற்றைக் கவனியுங்கள்:

- ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, துலக்கும்போது ரத்தம் வருகிறதா
- எந்தப் பல் ஆடுகிறது, எந்தப் பல் முன்னைவிட நீண்டு தெரிகிறது. ஈறு இறங்கினால் பல் நீண்டதுபோல் தெரியும்.
- ஈறும் பல்லும் சேருமிடத்தில் கறுத்த பள்ளம் இருக்கிறதா. வயதானவர்களுக்குச் சொத்தை அதிகம் வருவது அங்கேதான்.
- வாய் வறண்டிருக்கிறதா, பேசும்போது நாக்கு ஒட்டுகிறதா
- கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடியில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண் இருக்கிறதா
- வாய் எவ்வளவு திறக்கிறது. அவர்களுடைய மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நுழைய வேண்டும்.

கடைசி இரண்டும் வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு மிக முக்கியம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவாக இருந்தாலும், வலிக்காவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவுக்குத் துணையாக வந்த பெரியப்பாவையும் அம்மாவைப் பார்த்த பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். நாற்பது வருஷமாகப் புகையிலையை அடக்கி வைக்கும் இடத்து கன்னத்தில் வெள்ளைத் திட்டு. சிறிய துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. அன்றோடு அவர் புகையிலையை விட்டார். கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பயப்படுகிறேன்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடும் திட்டும் இருக்கும். அது தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு, சிறு வயதில் பல் உருவாகும்போதே ஏற்படுத்திய நிறம். சொத்தை இல்லை. தேய்த்தாலும் போகாது, ஸ்கேலிங் என்று பல் டாக்டர் சுத்தம் செய்தாலும் போகாது. "பல்லெல்லாம் கெட்டுப்போச்சு, எடுத்துடலாம்" என்று யாராவது நிறத்தைப் பார்த்துச் சொன்னால் எடுக்க விடாதீர்கள். பல் உறுதியாக நிற்கிறதா, எலும்பு இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2. பல் டாக்டருக்கு முன்னால் சுகரும் பிரஷரும்

நாங்கள் முதல் தடவை பஸ் ஏறி, வரிசையில் நின்று, உள்ளே போனதும் "சுகர் எவ்வளவு?" என்றார்கள். தெரியாது என்றோம். அளந்தால் 310. "குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலி போனது. அந்த நாளை நீங்கள் இழக்க வேண்டாம்.

சுகர் ஏறியிருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டிருந்தால் சுகர் சுலபத்தில் இறங்காது. ஒன்றை விட்டு மற்றதைச் சரிசெய்ய முடியாது என்று டாக்டர் சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஈறைச் சரிசெய்த பிறகு அம்மாவின் சுகரும் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது.

போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்கள் எழுதித் தரும் அட்டையைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாத்திரை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வாயால் சொல்லாதீர்கள். அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பல் டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டியவை இவை:

*ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை.* ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை. ஓரிடத்தில் பல் பிடுங்க ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நாங்களும் நிறுத்திவிட்டோம். பிறகு இதய டாக்டரிடம் போனபோது அவர் மிகவும் கோபப்பட்டார். "பல்லில் ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து நிறுத்தலாம். இதயத்தில் அடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். மாத்திரை எழுதித் தந்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அவரிடமே ஒரு சிறு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பல் டாக்டரிடம் கொடுங்கள்.

*எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை அல்லது ஊசி.* வாரம் ஒரு தடவை மாத்திரையோ வருஷத்துக்கு ஒரு ஊசியோ போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

*பிரஷர், வலிப்பு மாத்திரை.* அம்லோடிபின், ஃபெனிடாயின் போன்றவற்றால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். நீங்களாக மாற்ற வேண்டாம். டாக்டர் வேறு மாத்திரை எழுதித் தருவார்.

செயற்கை இதய வால்வு வைத்திருந்தால் அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காரவே வேண்டாம். ஸ்கேலிங்குக்கு முன்னாலேயே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

3. எங்கே போவது, என்ன எடுத்துப் போவது

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. பார்ப்பது, எக்ஸ்ரே, பிடுங்குவது, சொத்தை அடைப்பது எல்லாவற்றுக்கும் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். தாலுகா ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம் என்றால், பல் டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் 104க்கு ஃபோன் செய்யலாம்.

காலை எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு வாங்குமிடத்தில் நில்லுங்கள். பத்து மணிக்குப் போனால் பார்ப்பார்கள், ஆனால் எக்ஸ்ரேயும் சிகிச்சையும் அன்றே நடக்காது. திங்கட்கிழமை கூட்டம் அதிகம். நாங்கள் புதன், வியாழனுக்கு மாறிய பிறகு பாதி நேரத்தில் வெளியே வந்தோம்.

பையில் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, சுகர் பிரஷர் அட்டை, மாத்திரை அட்டைகள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அது, இதய டாக்டரின் சீட்டு. கூடவே தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, சாப்பாடு. சுகர் இருப்பவர்களைக் காத்திருக்கும்போது பசியோடு விடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம், சந்தை நாளில், "ஒரே நாளில் நிரந்தரப் பல்" என்று போர்டு வைத்தவர்களிடம் போகவே போகாதீர்கள். நாங்கள் போனோம். 4,500 ரூபாய் கொடுத்தோம். அம்மாவுக்குக் கீழே மீதியிருந்த பற்களில் கம்பி சுற்றி, பிளாஸ்டிக் மாவை வாயிலேயே ஊற்றிக் கெட்டியாக்கி, கழற்ற முடியாமல் ஒட்டிவிட்டார். சாயங்காலமே கடலை மென்று காட்டினார் அம்மா. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது வாரம் ஈறு முழுக்கச் சீழ். அதை அறுத்து எடுத்தபோது, கம்பி சுற்றிய பற்களில் இரண்டும் கூடவே போய்விட்டன. அவை நல்ல பற்கள். பல் டாக்டர் என்றால் பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான டாக்டர் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல் பூச்சி எடுப்பதாகச் சொல்லி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை போடுபவர்களும் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பல்லில் பூச்சி கிடையாது. சொத்தை, கிருமி உண்டாக்கும் அமிலத்தால் வருவது. வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குவதும் வேண்டாம், ஈறு வெந்துபோகும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவது அதைவிட ஆபத்து.

4. ஈறு வைத்தியம்

எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு ஒரேயடியாகச் செட் போட்டுவிடலாம் என்று அம்மாவே சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். ஆனால் சொந்தப் பல் நாலு நின்றாலும் செட் பிடித்துக்கொள்ள அது துணை. முக்கியமாகக் கீழ்த்தாடையில். மேல் செட் அண்ணத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்கும், கீழ் செட்டுக்கு அந்த வசதி கிடையாது, நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் காப்பாற்ற முடிந்த பல்லை முதலில் காப்பாற்றுங்கள்.

அதற்கு ஸ்கேலிங் செய்வார்கள். பல்லைச் சுற்றிக் கல்லாகப் படிந்திருக்கும் காறையை எடுப்பது அது. "க்ளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பிக்கும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அத்தை அம்மாவிடம் சொல்லி, ஒரு மாதம் தள்ளிப்போட வைத்தார். பல்லை ஏற்கெனவே ஆட வைத்தது அந்தக் காறைதான். எடுத்த பின் பல்லிடை காலியாகத் தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும், வீக்கம் வற்றியதும் ஈறு இறுகும். அம்மாவுக்குக் கீழ் முன்பற்களில் இரண்டு கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தன. அவை இப்போதும் நிற்கின்றன.

ஒரே நாளில் முடியாது. ஈறு ஆழமாகக் கெட்டிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் அடிவரை இரண்டு மூன்று தடவையாகச் சுத்தம் செய்வார்கள். தனியார் இடங்களில் நான் விசாரித்தபோது சாதாரண ஸ்கேலிங்குக்கு 600 முதல் 1,500 ரூபாய் வரை சொன்னார்கள்.

5. பிடுங்க வேண்டியதைப் பிடுங்குவது

"மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்." இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கில்லை. மேல் பல்லின் நரம்புக்கும் கண்பார்வை நரம்புக்கும் சம்பந்தம் இல்லை. வயதான காலத்தில் பல்லும் போகிறது, கண்ணில் புரையும் வருகிறது. இரண்டும் ஒரே வயதில் வருவதால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சீழ் பிடித்த மேல் பல்லை வைத்திருப்பதுதான் ஆபத்து.

பிடுங்கும் நாளில் சுகர் இருப்பவர்கள் காலை உணவு சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். "ஆபரேஷன் மாதிரிதானே" என்று அம்மாவை வெறும் வயிற்றில், மாத்திரை மட்டும் கொடுத்துக் கூட்டிப்போனேன். வரிசையில் நிற்கும்போதே வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கிருந்த நர்ஸ் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் வேலைக்குப் பட்டினி தேவையில்லை. காலையில் முதல் ஆளாகப் போவதுதான் வயதானவர்களுக்கு நல்லது.

பிடுங்கிய பிறகு:

- வைத்த பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும்.
- அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். துப்பித் துப்பித்தான் ரத்தக்கட்டு விலகி மறுபடி ஒழுகும்.
- சூடான களி, சூடான காபி அன்று வேண்டாம். ஆறிய ராகிக் கூழில் மோர் ஊற்றிக் கொடுத்தோம். அதற்கு இணையான சாப்பாடு இல்லை.
- மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாக வாய் கொப்பளிக்கலாம்.
- வெற்றிலை, புகையிலை, பீடி எதுவும் கூடாது.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், அல்லது எந்த நாளிலும் ரத்தம் நிற்காமல் வந்தால், காய்ச்சல் வந்தால், தாடைக்கு அடியில் வீங்கி விழுங்கச் சிரமப்பட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுங்க முடியாத வீக்கத்துக்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

6. காத்திருக்கும் மாதங்கள்

பிடுங்கிய இடத்தில் எலும்பு சுருங்கி ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் அளவெடுத்துச் செய்த செட் சீக்கிரமே லொடலொடக்கும். கல்யாணம் காட்சி என்று அவசரமிருந்தால் உடனடியாகத் தற்காலிகச் செட் செய்து தருவார்கள். ஆனால் அதைப் பின்னால் மறுபடி சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இந்த மாதங்களில் சாப்பாடு கஞ்சியாகவும் டீயில் தோய்த்த பன்னாகவும் சுருங்கிவிடக் கூடாது. அவித்த முட்டை, குழைய வேகவைத்த பருப்பு, அரைத்த கீரை, ஆறிய களி, தயிர், பப்பாளி, நன்றாகப் பழுத்த கொய்யாவின் சதை என்று மாற்றிக் கொடுங்கள். அம்மாவுக்குக் கடலையை அரைத்துச் சட்னியாகக் கொடுத்தோம். பல் இல்லாமல் போனாலும் கடலை விடுபடவில்லை.

7. பல் செட்

முழுச் செட்டோ பாதிச் செட்டோ ஏறக்குறைய ஐந்து தடவை வரச் சொல்வார்கள். முதல் தடவை அச்சு, இரண்டாம் தடவை நுணுக்கமான அச்சு, மூன்றாவது மேல் தாடையும் கீழ்த்தாடையும் சேரும் கடி அளவு, நான்காவது மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்ப்பது, ஐந்தாவது செட் கையில் கிடைப்பது. வாரம் ஒன்று என்றால் ஏறக்குறைய ஒரு மாதம். இரண்டே தடவையில் முடித்துத் தருகிறேன் என்றால் எந்தப் படியை விடுகிறார் என்று கேளுங்கள்.

நான்காவது தடவைக்கு நீங்கள் கட்டாயம் கூடவே போங்கள். அது மெழுகில் இருக்கும்வரை எதையும் மாற்றலாம். பல்லின் நிறம், உயரம், உதடு மூடுகிறதா, சிரித்தால் எப்படி இருக்கிறது எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ரொம்ப வெள்ளையாக வேண்டும் என்று அம்மா கேட்டார். டாக்டர் மீதியிருந்த கீழ்ப் பற்களின் நிறத்தைக் காட்டி, அதற்குச் சேர்வதை எடுத்தார். இப்போது எது அம்மாவின் பல், எது செட் என்று தெரியவில்லை.

எங்கே செய்வது என்று கேட்டால் மூன்று வழிகள் உண்டு. அரசு மருத்துவமனை பல் பிரிவில் செட் செய்து தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பல் மருத்துவக் கல்லூரிகள். சேலம், திருச்செங்கோடு பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிக்காரர்களுக்கு பெங்களூரு பக்கம். அங்கே விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு அருகில் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. கல்லூரியில் மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு படியும் பார்ப்பார். செலவு குறையும், ஒவ்வொரு முறையும் பாதி நாள் போகும். முதியவர் பயணத்தைத் தாங்குவாரா என்று பார்த்து முடிவெடுங்கள். மூன்றாவது தனியார் கிளினிக். அம்மாவுக்கு மேலே முழுச் செட்டும் கீழே பாதிச் செட்டும் தர்மபுரியில் ஒரு கிளினிக்கில் 14,000 ரூபாயில் செய்தோம். மற்ற இடங்களில் முழுச் செட்டுக்கு 10,000 முதல் 30,000 வரை சொன்னார்கள். எலும்பில் திருகாணி பதித்துப் பல் கட்டும் இம்ப்ளான்ட்டுக்கு ஒரு பல்லுக்கே 20,000க்கு மேல். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அதை நான் யோசிக்கவே சொல்லமாட்டேன்.

விலை பேசும்போது "செட் கொடுத்த பிறகு உரசுகிற இடத்தைச் சரிசெய்ய எத்தனை தடவை வரலாம், அதற்குத் தனிக் காசா?" என்று கேளுங்கள். ஏனென்றால் செட் கிடைத்த நாளில் வேலை முடிவதில்லை. முதல் மாதம் எங்காவது உரசும், எச்சில் ஊறும், பேச்சு குழறும். இரண்டு மூன்று தடவை போய்த் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் எத்தனையோ செட் டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கிடக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அந்த இரண்டு தடவை போகாததால் கிடக்கின்றன. சரிசெய்யப் போகும் முந்தின நாளாவது செட்டைப் போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் சிவந்த இடம் டாக்டருக்குத் தெரியும். வீட்டில் அரம் எடுத்துத் தேய்க்காதீர்கள்.

செட் போட்டதும் முதலில் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பேச்சைப் பழக வையுங்கள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, அதனால் ஒன்று முதல் நூறு வரை சத்தமாக எண்ணச் சொன்னோம். சாப்பாட்டை மெதுவானதில் தொடங்கி, இரண்டு பக்கமும் போட்டு மெல்லச் சொல்லுங்கள். முன்பல்லால் கொய்யாவைக் கடித்தால் செட் தூக்கிக்கொண்டு வரும். வெட்டிக் கொடுங்கள்.

8. அரசு உதவி: எது கிடைக்கும், எது கிடைக்காது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு நான் பல் செட்டுக்காக அலைந்தேன். அதுவும், 70 வயது நிரம்பியவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானவை. பல் செட், ஸ்கேலிங் போன்ற அன்றாட வேலைக்கு அவை பயன்படாது. வாய்ப்புற்று போன்ற பெரிய சிகிச்சை என்றால் நிச்சயம் பயன்படும். அதனால் அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பல் செட் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம், 2017இல் வந்தது. 60 வயது நிரம்பியவர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாதவர் என்றால் கைத்தடி, காது மிஷின், கண்ணாடி, சக்கர நாற்காலி ஆகியவற்றோடு பல் செட்டும் இலவசம். அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் முகாம் போட்டுத் தரும். முதலில் பரிசோதனை முகாம், பல மாதம் கழித்து வழங்கும் முகாம். எப்போதும் நடப்பதில்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய் மனு கொடுத்துக் கேளுங்கள், அல்லது முதியோர் உதவி எண் 14567இல் விசாரியுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று அல்லது முதியோர் உதவித்தொகை வாங்கும் சான்று, பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ தயாராக இருக்கட்டும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துத் தாசில்தார் வரை போகும் என்பதால், முகாம் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

9. தினமும் செய்ய வேண்டியது

கரி, செங்கல் பொடி, உப்புத்தூள், சாம்பல் எதுவும் இனி வேண்டாம். ஈறு இறங்கிய பல்லின் வேர்ப்பகுதி மெத்தென்று இருக்கும். கரகரப்பான எதுவும் அதை அறுத்துக் குழியாக்கும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், காலையும் ராத்திரியும். ராத்திரி துலக்குவது காலையைவிட முக்கியம். கைவிரல் மடங்காதவர்களுக்கு பிரஷ் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். வேப்பங்குச்சியை விடமாட்டேன் என்பவர்களிடம் சண்டை வேண்டாம். நன்றாக மென்று நார் மெத்தென்று ஆன பிறகு மெதுவாகத் தேய்க்கட்டும், ராத்திரி பிரஷ் எடுக்கட்டும்.

"நம்ம தண்ணியிலேயே ஃப்ளோரைடு, பேஸ்டிலும் எதற்கு?" என்று நானும் கேட்டேன். பல்லில் திட்டு வருவது சிறு வயதில் குடிக்கும் தண்ணீரால். வளர்ந்தவர்கள் துலக்கித் துப்பும் பேஸ்டால் அது வராது, வேர்ச் சொத்தையை அது தடுக்கும். டப்பாவில் ஃப்ளோரைடு அளவு 1,000 பி.பி.எம். என்று போட்ட பேஸ்டை வாங்குங்கள். பேரப்பிள்ளைகளுக்குத்தான் போர்த் தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இலிருந்து வருகிறது. அது வரும் ஊரில் குடிக்க, சமைக்க அதையே பிடித்து வையுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது.

செட் போட்டவர்களுக்கு: ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றிக் கழுவ வேண்டும். கீழே ஒரு குண்டானில் தண்ணீர் வைத்து அதற்கு மேல் பிடித்துக் கழுவினால் நழுவினாலும் உடையாது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சாதாரண சோப்பு போதும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கழற்றாமல் தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வந்து செக்கச்செவேல் என்று ஆகும். ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், பல்லே இல்லாவிட்டாலும். தாடை சுருங்கிக்கொண்டே போவதால் ஐந்தாறு வருஷத்தில் செட் தளரும். உள்பக்கம் பூச்சுப் போட்டுச் சரிசெய்யலாம், இல்லையென்றால் புதிது.

வாய் வறட்சி இருந்தால் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். மிட்டாய் சப்புவதால் ஈரம் வரும், கூடவே சொத்தையும் வரும்.

10. எழ முடியாதவர்களுக்கு

படுக்கையில் இருப்பவர்களின் வாயை யாரும் கவனிப்பதில்லை. உடம்பைத் துடைக்கிறோம், வாயை விட்டுவிடுகிறோம். அங்கே சேரும் கிருமி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும். தலையை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, சின்ன பிரஷ்ஷில் துளி பேஸ்ட் போட்டுத் துலக்குங்கள். அல்லது விரலில் ஈரத் துணி சுற்றிப் பல், ஈறு, கன்னத்தின் உள்பக்கம் துடையுங்கள். விழுங்கத் திணறுபவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைக்காதீர்கள். குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீரை டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும் பயன்படுத்துங்கள், நீண்ட நாள் போட்டால் பல் கறுக்கும். நினைவு தடுமாறுபவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் சின்னப் பாதிச் செட் போட்டிருந்தால் ராத்திரியில் கட்டாயம் கழற்றி எடுத்துவிடுங்கள், தூக்கத்தில் தொண்டைக்குள் போகும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது செட் தொலைவது சர்வசாதாரணம். பெயர் எழுதிய மூடி போட்ட டப்பா ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். செட் செய்யும்போதே உள்பக்கம் பெயர் பொறித்துத் தரச் சொன்னாலும் செய்வார்கள்.

அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தை முடிந்ததும் ஒன்று, ஆடி முடிந்ததும் ஒன்று என்று காலண்டரில் குறித்துவிட்டோம். சுகர் அட்டை, மாத்திரைப் பை, செட் டப்பா மூன்றும் ஒரே மஞ்சள் பையில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.